கடல் நம்ம ஊரிலேயே இருக்கு, பாய்மரப் படகு அணி ஏன் ஐரோப்பாவுக்குப் போகிறது?

2021 ஜூலை நடுவில், டோக்கியோ ஒலிம்பிக்குக்காக ஜப்பானில் போய் இறங்கிய இந்திய வீரர்களில் முதல் ஆட்கள் பாய்மரப் படகு அணியினர். நான்கு பேர். நால்வருமே தமிழ்நாட்டுத் தொடர்பு உள்ளவர்கள். ஆனால் அவர்கள் வந்தது சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ இல்லை. நேத்ரா குமணன் பயிற்சி எடுத்தது ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில். விஷ்ணு சரவணன் இருந்தது மால்டாவில். கே.சி. கணபதியும் வருண் தக்கரும் போர்ச்சுகலின் கஷ்காய்ஷில். ஒரே அணி, மூன்று நாடுகள்.

இந்தச் செய்தியைப் படிக்கும் யாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி நியாயமானதுதான். மெரினாவில் நின்றால் எதிரே முழுக்கக் கடல். பாடப்புத்தகக் கணக்கில் இந்தியாவின் கடற்கரை 7,516 கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டுக்கு மட்டும் 1,076. சென்னைத் துறைமுகத்துக்குள் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லேயே தொடங்கியது. இவ்வளவு இருக்கும்போது மக்கள் வரிப்பணத்தில் மத்திய தரைக்கடலுக்கு எதற்கு? ஜாலி ட்ரிப்பா?

இல்லை. ஆனால் 'அங்கே வசதி அதிகம்' என்ற வழக்கமான பதிலும் முழு உண்மை இல்லை. அங்கே போய் வாங்குவது கடலை அல்ல, எதிராளிகளை. அது எப்படி என்று புரிய, இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒரே மாதிரிப் படகு, ஒரே காற்று

ஒலிம்பிக்கில் பல வகைப் படகுகள் உண்டு. இந்தியர்கள் அதிகம் ஓட்டுவது இல்கா என்ற ஒற்றை ஆள் படகு. முன்பு லேசர் என்று அழைக்கப்பட்டது. வணிகப் பெயர் உரிமைத் தகராறு ஒன்றால் 2019-ல் பெயர் மாறியது. நீளம் 4.2 மீட்டர், அதாவது ஒரு சுமாரான காரின் நீளம். ஆண்கள் ஓட்டும் இல்கா 7-ல் பாயின் பரப்பு 7.06 சதுர மீட்டர், பெண்களின் இல்கா 6-ல் 5.76. அடிப்பகுதி இரண்டுக்கும் ஒன்றே. எல்லோருடைய படகும் ஒரே அளவு, ஒரே அச்சு. ஃபார்முலா ஒன் போல 'எங்கள் இன்ஜின் உன் இன்ஜினைவிட மேல்' என்ற கதையே இங்கே கிடையாது. ஒலிம்பிக்கில் இந்தப் படகுகளைப் போட்டி அமைப்பாளர்களே கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் வருடக்கணக்கில் பழகிய படகை அங்கே கொண்டுபோக முடியாது.

ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஒரே ஒரு படகுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கோட்டிலிருந்து கிளம்புவார்கள். காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏறி, மிதவைகளைச் சுற்றி, காற்றோடு இறங்கி வர வேண்டும். ஒரு பந்தயம் சுமார் 50 நிமிடம். இப்படி 10 பந்தயங்கள் திட்டமிடப்படும். முதலிடத்துக்கு 1 புள்ளி, இருபதாம் இடத்துக்கு 20. குறைவாக வாங்குபவரே ஜெயிப்பார். மிக மோசமான ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம். முதல் 10 பேருக்கு மட்டும் கடைசியில் இரட்டைப் புள்ளியுள்ள பதக்கப் பந்தயம்.

கிளம்பும்போது துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒரு நொடி முன்னால் கோட்டைத் தாண்டிவிட்டால்? திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டும். சில கொடிகள் ஏற்றப்பட்டிருந்தால் அந்த வாய்ப்பும் இல்லை, நேராகத் தகுதிநீக்கம். 43 பேர் ஓடும் போட்டியில் தகுதிநீக்கம் என்றால் உங்கள் கணக்கில் 44 புள்ளி. ஒரு நொடிக்கு 44 புள்ளி.

தனியாக ஓட்டினால் வேகம் தெரியாது

நீச்சல் வீரர் தனியாக நீந்தினாலும் ஸ்டாப்வாட்ச் உண்மையைச் சொல்லிவிடும். 50 மீட்டர் குளம் சென்னையில் என்றாலும் சிட்னியில் என்றாலும் 50 மீட்டர்தான். பாய்மரப் படகில் அந்த ஸ்டாப்வாட்ச் உதவாது. இன்று 12 நாட் காற்று, நேற்று 9 நாட். இன்று அலை குறுகியது, நேற்று நீண்டது. நீரோட்டம் வேறு. நேற்றைவிட இன்று வேகமாகப் போனீர்கள் என்றால் அது உங்கள் திறமையா, காற்றா? கண்டுபிடிக்க ஒரே வழி, பக்கத்தில் இன்னொரு படகு ஓடுவதுதான். அதே காற்றில், அதே அலையில், அதே நிமிடத்தில்.

அதனால்தான் பயிற்சியின் பெரும்பகுதி இரண்டு படகுகள் இணையாக ஓடிப் பார்ப்பது. ஒருவர் பாயின் இழுவையை ஒரு விரல் அளவு தளர்த்துவார், மற்றவர் எதையும் மாற்ற மாட்டார். ஐந்து நிமிடம் கழித்து யார் முன்னால் என்று பார்ப்பார்கள். பிறகு மாற்றிச் செய்வார்கள். பின்னால் மோட்டார் படகில் வரும் பயிற்சியாளர் வீடியோ எடுத்துக்கொண்டே வருவார். உங்களில் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது ஏ/பி டெஸ்டிங் என்று உடனே புரிந்திருக்கும். ஒரு நிபந்தனை உண்டு: பக்கத்தில் ஓடுபவர் உங்களுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். உங்களைவிட மெதுவான ஆளோடு ஓடினால் தினமும் ஜெயிப்பீர்கள், எதுவும் தெரிந்துகொள்ள மாட்டீர்கள்.

கிளம்புவதற்கான பயிற்சி இன்னும் கஷ்டம். நாற்பது படகுகள் தோளோடு தோள் உரச நிற்கும் கோட்டில், இரண்டு பக்கமும் யாரும் உங்கள் காற்றைத் திருடாமல், கடைசி நொடியில் வேகம் எடுத்துப் பாய வேண்டும். இதை நான்கு படகோடு பழக முடியாது. காலியான ரோட்டில் கார் ஓட்டிப் பழகிவிட்டு நேராகக் கத்திப்பாரா சந்திப்பில் இறங்குவது போல ஆகிவிடும்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். ஆண்கள் லேசர் அல்லது இல்கா 7 பிரிவில் கடைசி நான்கு ஒலிம்பிக் தங்கமும் அவர்களுக்குத்தான்: 2012-ல் டாம் ஸ்லிங்ஸ்பி, 2016-ல் டாம் பர்டன், டோக்கியோவிலும் பாரிஸிலும் மேட் வேர்ன். இவர்கள் ஒரே பயிற்சிக் கூட்டத்திலிருந்து அடுத்தடுத்து வந்தவர்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இதே பிரிவில் வெண்கலம் வாங்கிய மைக்கேல் பிளாக்பர்ன் அவர்களுடைய பயிற்சியாளராக இருந்தார். 2019 உலக சாம்பியன்ஷிப்பில் பர்டன் முதலிடம், வேர்ன் இரண்டாமிடம். உலகின் முதல் இரண்டு பேர் ஒரே நாட்டில், ஒரே கூட்டத்தில். ஆனால் ஒலிம்பிக்குக்கு ஒருவர்தான் போக முடியும். வேர்னுக்கு ஒலிம்பிக்கைவிடக் கடினமான போட்டி வீட்டிலேயே இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்தியாவில் அப்படி ஒரு கூட்டம் இல்லை. விஷ்ணுவுக்கு இணையாக ஓட உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிது. அதனால் கூட்டத்தை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. மால்டா, கிரான் கனேரியா, போர்ச்சுகலின் விலமோரா போன்ற இடங்களில் குளிர்காலத்தில் பல நாட்டு வீரர்கள் கூடுகிறார்கள். சொந்தக் கூட்டம் இல்லாத நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, அவருடைய சம்பளத்தையும் அவருடைய படகுக்கான செலவையும் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். பேச்சிலர் அறை வாடகை மாதிரிதான். டோக்கியோவுக்கு முன் நேத்ரா, கிரான் கனேரியாவில் ஹங்கேரியைச் சேர்ந்த தமாஸ் எஸ்ஸெஸ் என்ற பயிற்சியாளரிடம் இருந்தார். 2020 ஜனவரியில் மயாமி உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வாங்கி, பாய்மரப் படகில் உலகக் கோப்பைப் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

காற்றின் முகம்

எதிராளிகளுக்கு அடுத்து காற்று. கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிற மொழி நம்முடையது. கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் கச்சான் என்று இன்னொரு பெயரும் வரும். காற்றுக்குக் காற்று குணம் மாறும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சென்னையில் கோடையில் காலை முழுக்க நிலத்திலிருந்து மேற்குக் காற்று, மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல் காற்று. இரண்டும் மாறும் நேரத்தில் காற்றே நின்றுபோகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நடுவில் புயல்கள். கிரான் கனேரியாவில் வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று, கோடையில் வாரக்கணக்கில் பலமாக வீசும். மார்செய்யில் மிஸ்ட்ரால் என்ற வடமேற்குக் காற்று அடித்தால் ஒரு முகம், அது ஓய்ந்து வெறும் கடல் காற்று என்றால் வேறு முகம். பாரிஸ் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் மார்செய்யில் நடந்தபோது காற்று ஏமாற்றியது. பந்தயங்கள் தள்ளிப்போயின, சில நடக்கவே இல்லை.

காற்றைப் படிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நீங்களும் உங்கள் எதிராளியும் காற்றை எதிர்த்து ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். இருவரும் சமநிலையில், ஆனால் பக்கவாட்டில் 100 மீட்டர் இடைவெளி. காற்று உங்கள் பக்கமாக 10 டிகிரி திரும்புகிறது. அவ்வளவுதான், நீங்கள் சுமார் 25 மீட்டர் முன்னால் போய்விட்டீர்கள். ஆறு படகு நீளம். இதற்காக நீங்கள் ஒரு துளிகூடக் கூடுதல் வேகம் எடுக்கவில்லை, சரியான பக்கத்தில் இருந்தீர்கள், அவ்வளவே. அதே காற்று அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் ஆறு படகு நீளம் பின்னால். எந்த மலைக்குப் பின்னாலிருந்து, எந்த மேகத்துக்கு அடியில், எத்தனை மணிக்குக் காற்று திரும்பும் என்பது ஒவ்வொரு ஊருக்கும் வேறு. வானிலை ஆப் அதில் பாதியைச் சொல்லும். மீதியை அந்தத் தண்ணீரில் கிடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய போட்டிக்கு முன் அணிகள் போட்டி நடக்கும் இடத்துக்கே முன்கூட்டிப் போவது இதற்காகத்தான்.

உடம்பும் இதில் சேரும். பலமான காற்றில் படகு கவிழாமல் இருக்க வீரர் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை மட்டும் பட்டையில் மாட்டிக்கொண்டு, உடம்பை முழுக்க வெளியே சாய்க்க வேண்டும். இதற்கு ஹைக்கிங் என்று பெயர், மலையேற்றத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சுவரில் சாய்ந்து நாற்காலி இல்லாமல் உட்காரும் பயிற்சியை ஒரு நிமிடம் செய்து பாருங்கள், தொடை நடுங்கும். அதை ஒரு பந்தயத்தில் பாதி நேரம் செய்வது போல நினைத்துக்கொள்ளுங்கள். இல்கா 7-க்கு 80 முதல் 85 கிலோ எடை சரியாக இருக்கும் என்பார்கள். மெலிந்த உடல்வாகுள்ள ஒருவர் அந்த எடையைத் தசையாக ஏற்றி, வலுவான காற்றில் தாங்கிப் பழகினால்தான் மிஸ்ட்ராலில் நிற்க முடியும். மென்காற்று ஊரிலேயே பயிற்சி எடுத்தால் உடம்புக்கு அந்தக் கட்டாயமே வராது.

செலவுக் கணக்கு

முகாம் செலவு என்றதும் விமான டிக்கெட்டும் ஹோட்டலும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் பணம் கரைவது வேறு இடங்களில். பயிற்சியாளரின் சம்பளம், அவர் ஓட்டும் மோட்டார் படகின் வாடகை, அதற்கான பெட்ரோல். ஐரோப்பாவில் ஒரு புதிய இல்கா 7 படகு ஏறக்குறைய 7,000 முதல் 9,000 யூரோ. வாங்கி அங்கேயே நிறுத்திவைக்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். அடுத்த போட்டி வேறு நாட்டில் என்றால் டிரெய்லரில் ஏற்றி ரோடு வழியாகக் கொண்டுபோக வேண்டும். பாய் இன்னொரு தீராத செலவு. பார்க்கக் கிழியாமல் இருக்கும், ஆனால் பலமான காற்றில் சில வாரம் ஓடினாலே துணி தளர்ந்து வடிவம் போய்விடும். பெரிய போட்டிக்குப் புதுப் பாய்தான்.

இதை யார் கொடுக்கிறார்கள்? மத்திய அரசில் இரண்டு வாய்க்கால்கள். ஒன்று, இந்திய பாய்மரப் படகுச் சங்கம் வழியாக வரும் ஆண்டுப் பயிற்சி மற்றும் போட்டி நாள்காட்டி நிதி. இது அணி முழுமைக்கும். இன்னொன்று 2014-ல் தொடங்கிய டாப்ஸ் என்ற ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டம். இதில் தனிப்பட்ட வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு பயிற்சித் திட்டத்தையும் ஒரு குழு பரிசீலித்து ஒப்புதல் தருகிறது. முதன்மைப் பட்டியலில் இருப்பவர்களுக்குக் கைச்செலவாக மாதம் 50,000 ரூபாய், வளரும் வீரர்கள் பட்டியலில் 25,000. தமிழ்நாட்டில் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் எலைட் திட்டமும் இருக்கிறது. விஷ்ணு ராணுவத்தில் இருப்பதால் சம்பளமும் மும்பையில் ராணுவப் படகுப் பயிற்சி மையமும் கிடைத்தன. இந்தியப் படகு வீரர்களில் இத்தனை பேர் சீருடைக்காரர்களாக இருப்பது தற்செயல் இல்லை.

இந்த வாய்க்கால்கள் எல்லாம் திறப்பது நீங்கள் ஏதாவது சாதித்த பிறகு. அதற்கு முன்னால் இருக்கும் ஐந்தாறு வருடம்? பதினைந்து வயதோடு ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகு முடிந்துவிடும். அடுத்து இல்கா 4, பிறகு 6 அல்லது 7. வெளிநாட்டுக் கூட்டத்தோடு ஓடிப் பழக வேண்டிய வயது அதுதான். ஆனால் அந்த வயதில் பில் கட்டுவது பெரும்பாலும் அப்பா அம்மா. வெளிநாட்டு முகாம் பற்றிய விவாதத்தில் எனக்கு உறுத்தலாக இருப்பது இந்த இடம்தான், டோக்கியோவுக்கு யார் எந்த விமானத்தில் போனார்கள் என்பது அல்ல.

108 நாட்கள்

முகாமின் தரத்தைவிட அது எப்போது தொடங்குகிறது என்பது சில நேரம் பெரிய விஷயம். தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் படம் தெளிவாகிறது.

டோக்கியோவுக்கான இடங்களில் சுமார் 40 சதவீதம் 2018 ஆகஸ்டில் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் உலக சாம்பியன்ஷிப்பிலேயே முடிந்துவிட்டது. அதில் இடம் பிடித்த நாடுகள் அன்றிலிருந்தே டோக்கியோவை நோக்கித் திட்டமிடலாம். இந்தியாவின் மூன்று இடங்களும் உறுதியானது 2021 ஏப்ரல் 7, 8 தேதிகளில், ஓமனின் முஸ்ஸன்னாவில் நடந்த ஆசிய, ஆப்பிரிக்கத் தகுதிப் போட்டியில். பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா என்ற செய்தி வந்தது அப்போதுதான். ஒரே ஒலிம்பிக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகளில் இந்தியா இறங்கியதும் அதுவே முதல் முறை. ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கியது ஜூலை 25. ஏப்ரல் 8-லிருந்து எண்ணினால் 108 நாட்கள். அந்த 108 நாளுக்குள் கொரோனா இரண்டாம் அலை, விமானத் தடைகள், விசா, தனிமைப்படுத்தல் எல்லாம் அடக்கம். அந்த நிலையில் நால்வரும் ஐரோப்பாவில் முகாமிட்டு, ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததே ஒரு வேலைதான்.

பாரிஸ் சுழற்சியில் முதல் தொகுதி இடங்கள் 2023 ஆகஸ்டில், நெதர்லாந்தின் தி ஹேக்கில் போயின. விஷ்ணு தன் இடத்தைப் பிடித்தது 2024 ஜனவரியில், அடிலெய்டில் நடந்த இல்கா 7 உலக சாம்பியன்ஷிப்பில். 150-க்கும் மேற்பட்டோர் ஓடிய அந்தப் போட்டியில் அவருக்கு 26-ஆவது இடம். கையில் ஆறு மாதம். நேத்ராவுக்கு இடம் கிடைத்தது ஏப்ரல் கடைசியில், பிரான்ஸின் இயேரில் நடந்த கடைசி வாய்ப்புப் போட்டியில். கையில் மூன்று மாதம்.

மூன்று மாதம் என்றால் என்ன ஆகும்? தகுதிபெறும் வரை உடலும் மனமும் தகுதிப் போட்டிக்காகவே தீட்டப்பட்டிருக்கும். அதன் பிறகு ஓய்வு, மீண்டும் அடித்தளம், பிறகு போட்டி இடத்தில் பழகுவது. இது எல்லாவற்றையும் ஒரு ப்ராஜெக்ட்டின் கடைசி ஸ்பிரிண்ட்டில் திணிக்கிற கதை. தங்கும் இடமும் பயிற்சிக் கூட்டமும் முன்கூட்டியே புக் ஆகிவிடும். தாமதமாக வருபவருக்குக் கிடைப்பது மிச்சம்தான்.

எண்கள் என்ன சொல்கின்றன

டோக்கியோவில் விஷ்ணு 35 பேரில் 20-ஆவது. பாரிஸில் 43 பேரில் 18-ஆவது. நூறு பேர் ஓடியதாக மாற்றிக் கணக்குப் போட்டால் 57-ஆவது இடத்திலிருந்து 42-க்கு வந்திருக்கிறார். நேத்ரா டோக்கியோவில் 44 பேரில் 35, பாரிஸில் 43 பேரில் 21. நூறுக்கு 80-லிருந்து 49. கணபதி, வருண் ஜோடி டோக்கியோவில் 49இஆர் என்ற இரட்டையர் படகில் 19-ல் 17-ஆவது. பாரிஸில் அந்தப் பிரிவில் இந்தியா இல்லை.

இரண்டு பேர், இரண்டு ஒலிம்பிக். இதை வைத்து 'முகாம் பலன் தந்தது' என்று தலைப்பு போட்டால் என் புள்ளியியல் ஆசிரியர் திட்டுவார். மூன்று வருட வயதும் அனுபவமும் கூடியிருக்கிறது, காற்று வேறு, எதிராளிகள் வேறு. ஆனால் இருவரும் பட்டியலின் அடிப்பாதியிலிருந்து நடுப்பகுதியைத் தாண்டி மேலே வந்திருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

நடுவிலிருந்து மேடைக்குப் போகும் தூரம் எவ்வளவு மெல்லியது என்பதற்கு 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டைப் பாருங்கள். இல்கா 7-ல் விஷ்ணு 34 புள்ளிகளோடு வெண்கலம் வாங்கினார். வெள்ளி வாங்கிய தென்கொரியாவின் ஹா ஜீமினுக்கு 33. அத்தனை நாள் பந்தயத்துக்குப் பிறகு ஒரே ஒரு புள்ளி. ஏதாவது ஒரு பந்தயத்தில் கடைசி மிதவையில் ஒரு படகை முந்தியிருந்தால் போதும்.

90 நாள் கணக்கு

இன்னொரு தடையைப் பற்றி விளையாட்டுப் பக்கங்கள் அதிகம் பேசுவதில்லை. வெளிநாடு சுற்றியவர்களுக்கும் விசா மையத்தில் வரிசையில் நின்றவர்களுக்கும் நன்றாகத் தெரியும்: ஷெங்கன். இந்திய பாஸ்போர்ட்டில் குறுகிய கால ஷெங்கன் விசா வைத்திருப்பவர் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் அந்தப் பகுதியில் இருக்க முடியாது. ஸ்பெயின், போர்ச்சுகல், மால்டா, பிரான்ஸ், நெதர்லாந்து எல்லாமே ஒரே கணக்கில் வரும். கிரான் கனேரியா ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் இருந்தாலும் ஸ்பெயின்தான். 2023 ஜனவரி முதல் குரோவேஷியாவும் உள்ளே வந்துவிட்டது.

ஒரு பருவத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஆறு வாரம் முகாம், 42 நாள். ஏப்ரலில் மல்லோர்கா தீவிலும் இயேரிலும் இரண்டு பெரிய போட்டிகள், பயணமும் பழகுவதும் சேர்த்து 30 நாள். ஆக 72. ஜூன், ஜூலையில் போட்டிக்கு முந்தைய முகாம் தேவைப்படும்போது கையில் 18 நாள்தான் மிச்சம். ஐரோப்பிய எதிராளிக்கு இந்தக் கணக்கே கிடையாது, அவர் காரில் படகைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். நீண்ட கால விசா என்ற வழி இருக்கிறது, அதற்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நிதி ஒப்புதல் தாமதமானால் அந்த வழியும் அடைபடும்.

அப்போ இங்கேயே செய்ய முடியாதா?

ஓரளவு முடியும். அதற்கான நல்ல உதாரணம் கடலே இல்லாத ஒரு மாநிலம். 2018 ஆசிய விளையாட்டில் லேசர் 4.7 பிரிவில் வெண்கலம் வாங்கிய ஹர்ஷிதா தோமர், ஹாங்சோவில் இல்கா 4-ல் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூர், இருவரும் மத்தியப் பிரதேசம். கடற்கரை நீளம் பூஜ்யம். போபாலின் பெரிய ஏரியில் பழகியவர்கள். அங்கே மாநிலமும் தேசிய அளவிலான பயிற்சிப் பள்ளியும் சின்ன வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு படகும் கொடுத்தன. ஒரே தண்ணீரில் தினமும் பல பிள்ளைகள் ஒன்றாக ஓட்டினார்கள். கூட்டம் இருந்தது. 1,076 கிலோமீட்டர் கடற்கரை இருக்கும் நாம் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆனால் இளையோர் பிரிவுக்கு மேலே இது போதாது. இல்கா 6, 7-ல் உலகின் முதல் 50 பேரை மும்பைக்கோ சென்னைக்கோ வரவழைத்து முகாம் போடலாமே என்றால், அவர்களுடைய நாள்காட்டி ஐரோப்பாவில் இருக்கிறது. ஒரு போட்டியிலிருந்து அடுத்ததற்கு ரோடு வழியாகப் போகிறவர்கள் இரண்டு வாரத்துக்காக இங்கே வர மாட்டார்கள். ஓரிரு பயிற்சியாளர்களையும் நான்கைந்து நடுத்தர வீரர்களையும் குளிர்காலத்தில் இங்கே அழைப்பது நடக்கக்கூடியது. நம்முடைய பதினேழு வயதுப் பிள்ளைகள் இருபது பேருக்கு அது ஒரே நேரத்தில் பயன்படும். ஒருவரை மூன்று மாதம் வெளியே அனுப்பும் பணத்தோடு இதை ஒப்பிட்டு யாராவது கணக்குப் போட வேண்டும். இரண்டில் ஒன்று என்று இல்லை. மேலே இருப்பவருக்கு வெளிநாடு, கீழே வருபவர்களுக்கு உள்நாட்டில் கூட்டம்.

அடுத்த முறை 'படகு வீரருக்கு வெளிநாட்டுப் பயிற்சி, அரசு ஒப்புதல்' என்று செய்தி வந்தால் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு வேறு நான்கு விவரங்களைத் தேடுங்கள். யாரோடு ஓடப்போகிறார், எத்தனை நாள், அந்த முகாம் முடிந்து எத்தனை நாளில் போட்டி, ஒப்புதல் வந்த தேதிக்கும் புறப்படும் தேதிக்கும் நடுவில் விசா வாங்க நேரம் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கான பதில் அறிவிப்பில் பெரும்பாலும் இருக்காது. தேதிகளைக் கழித்து நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.